பக்கத்து ஆளிடம் கேட்கும் இடம்: தெருவில் நின்று யூஎக்ஸ் டிசைன் பழகுவது எப்படி

யூஎக்ஸ் டிசைன், அதாவது ஒரு ஆப்பையோ பொருளையோ பயன்படுத்துகிறவர் தடுமாறாதபடி வடிவமைக்கிற வேலை, படிக்க வேண்டும் என்று வருகிற நம்மூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும் என்றுதான். திரைகளை வரைகிற சாஃப்ட்வேரான ஃபிக்மாவில் தொடங்கக் காசு வேண்டாம், யூட்யூபைப் பார்த்துச் செய்துகொண்டே இருந்தால் கை பழகிவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கை பழகிய பிறகும் தானாக வராத ஒன்று இருக்கிறது. ஒரு மனிதர் ஒரு பொருளுக்கு முன்னால் நின்று தடுமாறும்போது, எந்த இடத்தில் தடுமாறினார், ஏன் தடுமாறினார் என்று பிரித்துப் பார்க்கிற கண் அது. அதற்கு லேப்டாப் தேவையில்லை, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவும் தேவையில்லை. நம் திருநெல்வேலிப் பக்கத்தில், பாளையங்கோட்டையிலும் டவுனிலும் அம்பாசமுத்திரத்திலும் அதற்கான பாடம் காலையிலிருந்து ராத்திரி வரை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் சொல்லித்தருகிற முறை எளிமையானது. ஆட்கள் வந்துபோகிற ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் இன்னொருவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் வாயில் வந்த சொல்லிலேயே நோட்டில் எழுதுங்கள். திருத்தி எழுதாதீர்கள், சுருக்காதீர்கள். போர்டோ, பொத்தானோ, கதவோ, படிவமோ தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அவருக்குப் பக்கத்து ஆளிடம் கேட்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. நம் பக்கத்தில் பேச்சுத் துணைக்காகக் கேட்கிறவர்களும் உண்டு, அது வேறு. பதில் கிடைத்ததும் அந்த மனிதர் உடனே நடக்கத் தொடங்குகிறாரா, பையைத் தூக்குகிறாரா என்று பாருங்கள். தூக்கினால் அது தேவைக்காகக் கேட்ட கேள்வி.

பஸ் ஸ்டாண்ட்

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் நிற்கும் பக்கமாகப் போய் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணாச்சி, இது நாங்குநேரி ஊருக்குள்ள போவுமா, பைபாஸ்ல போயிருமா?" பஸ் நெற்றியில் நாகர்கோவில் என்று பெரிதாக எழுதியிருக்கிறது, வந்தவருக்கு வாசிக்கவும் தெரியும், அப்படியும் கேட்கிறார். ஏன்? பஸ் எங்கே போய் முடியும் என்பது பஸ்ஸை ஓட்டுகிறவர்கள் பக்கத்துத் தகவல். ஏறப்போகிறவருக்கு வேண்டியது தன் ஊரில் தன்னை இறக்கிவிடுமா என்பது. இரண்டும் வேறு வேறு கேள்வி, போர்டு முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆப்களின் கோளாறு தெரிந்துவிடும். பார்சல் அனுப்பும் ஆப் 'உங்கள் ஆர்டர் செயலாக்கத்தில் உள்ளது' என்று காட்டுகிறது. அது குடோனுக்குள் நடக்கிற கதை. வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது, நாளைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாமா கூடாதா என்பதுதான். அதனால் ஒரு திரையை வரைவதற்கு முன்னால், அந்தத் திரைக்கு வருகிறவர் மனதில் என்ன கேள்வியோடு வருகிறார் என்பதைப் பேச்சுத் தமிழில் ஒரு வரி எழுதி மேலே ஒட்டிவையுங்கள். வரைந்து முடித்ததும், அந்தக் கேள்விக்கான பதில் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிப் பாருங்கள். காட்ட முடியவில்லை என்றால் மற்ற அலங்காரமெல்லாம் அப்புறம்.

அதே இடத்தில் கண்டக்டர் கூவுவதையும் கேளுங்கள். பாவநாசம் பஸ் என்றால் "சேரமாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை, பாவநாசம்" என்று பஸ் போகிற வரிசையிலேயே சொல்வார். அவரவர் ஊர் அந்த வரிசையில் காதில் விழும், வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் விழும், கண் தெரியாதவருக்கும் விழும், கையில் பிள்ளையும் பையுமாக நிமிர்ந்து பார்க்க முடியாதவருக்கும் விழும். கூவி முடித்ததும் "எடம் இருக்கு, உடனே எடுத்துரும்" என்று சேர்த்துக்கொள்வார். அடுத்து வரப்போகும் இரண்டு கேள்விக்கும் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. ஒரு நல்ல முகப்புத் திரை செய்ய வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது, தகவலின் வரிசை உட்பட. ஊர்களை அகர வரிசையில் கூவினால் யாருக்கும் எதுவும் புரியாது, ஆனால் எத்தனையோ ஆப்களில் பட்டியலை அப்படித்தான் அடுக்குகிறார்கள்.

இன்னொரு கேள்வி, டவுன் பஸ் நிறுத்தங்களில் வருவது: "இது ஃப்ரீ பஸ்ஸா?" 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, எந்த பஸ் சாதாரணக் கட்டணம் என்று தூரத்திலிருந்து தெரிந்துகொள்வது பெரிய பாடாக இருந்தது. 2022இல் சென்னையில் அப்படிப்பட்ட பஸ்களின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். பஸ் வந்து நின்று கிளம்புகிற நேரம் கொஞ்சம்தான், அதற்குள் கிட்டே போய் எழுத்தை வாசித்துவிட்டு முடிவெடுக்க முடியாது, ஏறுவதா வேண்டாமா என்பது பஸ் வந்துகொண்டிருக்கும்போதே தெரிய வேண்டும். முடிவெடுக்க வேண்டிய தருணத்துக்கு முன்னால் தகவல் வந்து சேர்கிறதா என்று உங்கள் டிசைனிலும் பாருங்கள். டெலிவரி கட்டணத்தைப் பணம் கட்டும் கடைசித் திரையில் காட்டுவது இதற்கு நேர்மாறான வேலை, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிறத்தோடு எழுத்தோ படமோ கூடவே இருக்க வேண்டும்.

ஒட்டின காகிதம்

கேள்விக்கு அடுத்தபடியாகத் தேட வேண்டியது, யாரோ பொறுக்க முடியாமல் பின்னால் ஒட்டிவைத்த காகிதம். கண்ணாடிக் கதவில் 'தள்ளவும்' என்று பிரிண்ட் எடுத்து செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். கதவில் பிடித்து இழுக்கத் தோதாக ஒரு கைப்பிடி இருக்கும், கை தானாக இழுக்கும், காகிதம் தள்ளச் சொல்லும். காகிதம் ஜெயிக்காது. 1990களின் தொடக்கத்தில் ஆப்பிளில் சேர்ந்து, யூசர் எக்ஸ்பீரியன்ஸ் என்பதைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்ட டொனால்ட் நார்மன், அதற்கும் முன்பிருந்தே இந்தக் கதவுகளையும் தண்ணீர்க் குழாய்களையும் விளக்கு ஸ்விட்சுகளையும் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் நாம் படிக்கிற பாடங்களில் பலவும் அங்கிருந்து வந்தவைதான்.

வீட்டுக்குள் வந்தால் ஸ்விட்ச் போர்டு. புதுவீட்டு ஹாலில் எட்டு ஸ்விட்ச் ஒரே வரிசையில், ஒரே நிறத்தில், ஒரே அளவில். ஃபேன் போட வேண்டுமென்றால் லைட் எரியும், லைட் போட்டால் வாசல் விளக்கு எரியும், குடிவந்து எத்தனை நாள் ஆனாலும் வீட்டுக்காரர்களே வரிசையாகத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் அந்த வீட்டம்மா ஃபேன் ஸ்விட்ச்சில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிவிடுவார். எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒயர் எந்த வரிசையில் வந்து சேர்ந்ததோ அந்த வரிசையில் மாட்டிவிட்டார். இதையே நீங்கள் ஏதாவது ஒரு காலேஜ் வெப்சைட்டின் மெனுவில் பார்க்கலாம். உள்ளே எத்தனை துறை இருக்கிறதோ அத்தனை தலைப்பு, எந்தத் துறை எந்தக் கோப்பைப் பார்க்கிறதோ அந்த வரிசை. ஃபீஸ் கட்ட வந்த அப்பாவுக்கு அது அட்மினிஸ்ட்ரேஷனில் இருக்கிறதா, அக்கவுண்ட்ஸில் இருக்கிறதா, ஸ்டூடண்ட் கார்னரில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இதற்குப் பயிற்சி: உங்கள் வீட்டு ஹாலை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு தாளில் வரையுங்கள், ஃபேனும் லைட்டும் இருக்கிற இடத்தைக் குறியுங்கள், ஸ்விட்சுகளையும் அதே அமைப்பில் மாற்றி அடுக்குங்கள். இடது பக்க ஃபேனுக்கு இடது பக்க ஸ்விட்ச். பிறகு ஒரு வெப்சைட்டின் மெனுவிலுள்ள தலைப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, அந்தத் துறையில் வேலை பார்க்காத ஒருவர் கையில் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியதை ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். எந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிரச்சினை அந்தத் தலைப்பில்தான்.

சமையலறை வரை போனால் கேஸ் சிலிண்டரையும் பாருங்கள். கழுத்துப் பக்கத்துத் தகட்டில் A, B, C, D என்று ஓர் எழுத்தும் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, D என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அந்தக் காலத்துக்குள் சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல், தினமும் கை படுகிற இடத்தில் இருக்கிறது, ஆனால் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

பிரவுசிங் சென்டரில் மட்டும் அதிக நேரம் நில்லுங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இ-சேவை மையமோ, ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற கடையோ, அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள். அங்கே ஒரு தம்பியோ தங்கச்சியோ கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார், எதிரே நாற்காலியில் ஆச்சி இருப்பார், இரண்டு பேருக்கும் நடுவில் படிவம். படிவத்தை வடிவமைத்தவர் நினைத்துப் பார்க்காத எல்லாமே அந்த மேசையில் கேள்வியாக வரும்.

மு. இசக்கியம்மாள் என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். படிவம் ஃபர்ஸ்ட் நேம் கேட்கிறது, சரி. லாஸ்ட் நேம் கேட்கிறது, சிவப்பு நட்சத்திரம் போட்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'மு' என்று போட்டால் ஓரெழுத்து போதாது என்று மறுக்கிறது. அப்பா பெயரைப் போடுகிறார்கள். வேறொரு படிவத்தில் வேறு யாரோ கணவர் பெயரைப் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் பெயரையே இரண்டு முறை போட்டிருப்பார்கள். பிறகு ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று என்றாகி, பெயர் பொருந்தவில்லை என்று அந்த அம்மாவை அலைய விடுகிறார்கள். ஒரு கட்டம் தப்பாக இருந்ததற்கு ஒரு கிழவி பஸ் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முழுப்பெயருக்கு ஒரே கட்டம், பக்கத்தில் 'ஆதாரில் உள்ளபடி' என்று ஒரு குறிப்பு, இனிஷியல் தனியாக வேண்டுமென்றால் அதைக் கட்டாயமாக்காமல் வைத்தால் போதும். இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பும், உலகமெங்கும் பெயர்கள் வேறு வேறு விதமாக இருப்பதால் அவசியமில்லாமல் பெயரைப் பிரித்துக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

அடுத்தது ஓடிபி. "நம்பர் வந்துச்சா ஆச்சி?" ஆதாரில் இருக்கும் போன் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கிற மகனுடையது. ஆச்சி தன் பட்டன் போனில் அவனைக் கூப்பிடுகிறார், அவன் மிஷின் சத்தத்தில் எடுக்க மாட்டான், இரண்டாவது தடவை எடுத்து, மெசேஜைத் தேடி, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, இங்கே தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று திரை முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறது, நிரப்பினதெல்லாம் போச்சு. ஓர் ஆளுக்கு ஒரு போன், அது அவர் கையிலேயே இருக்கும் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்ததன் விளைவு இது. ஓடிபி காலாவதியாகட்டும், பாதுகாப்புக்கு அது வேண்டும். ஆனால் நிரப்பின படிவம் அப்படியே இருக்கட்டும், 'மறுபடி அனுப்பு' என்பது பக்கத்திலேயே இருக்கட்டும்.

இந்த மாதிரி இடத்தில் ஆப்பைப் பயன்படுத்துகிறவர் யார் என்ற கேள்வியும் வரும். தட்டுகிறவர் ஒருவர், தகவல் சொல்கிறவர் ஒருவர், பதில் போகும் போன் மூன்றாவது ஆளுடையது. நீங்கள் வரைகிற படத்தில் அந்த மூன்று பேருமே இருக்க வேண்டும்.

கை வேலையாக இருக்கும்போது

நெல்லையப்பர் கோயில் பக்கம் பூ விற்கிற அம்மாக்களைப் பாருங்கள். இரண்டு கையும் பூவிலும் நாரிலும் இருக்கும். யுபிஐ 2016இல் வந்தது, அதற்குப் பிறகு சில காலம் வாங்குகிறவர் தன் போனைத் திருப்பிக் காட்டுவார், இந்த அம்மா பூவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார், நிஜமாகவே பணம் வந்ததா என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். இப்போது பக்கத்தில் இருக்கிற சின்னப் பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது. கை நிற்கவில்லை, கண் திரும்பவில்லை, வாங்கியவரின் போனை நம்ப வேண்டியதும் இல்லை. செய்தி யாருக்குத் தேவையோ அவருக்கே, அவர் இருக்கிற நிலையிலேயே போய்ச் சேர்கிறது. அண்மையில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த டிசைன் இது.

காத்திருக்கிற இடங்களிலும் கேள்விகள் மொய்க்கும். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது "எத்தனாவது நம்பர் போவுது?" அவருக்குக் காத்திருப்பதைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாததுதான் வேதனை. ஆப்களும் வெப்சைட்களும் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராய்கிற யாக்கோப் நீல்சன் திரைகளுக்கு மூன்று எல்லைகள் சொல்வார்: 0.1 நொடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 நொடி வரை நினைப்பு அறுபடாது, 10 நொடிக்கு மேல் போனால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். அந்தப் பத்தைத் தாண்டுகிற எதற்கும், வெறுமனே சுற்றுகிற வட்டத்தைப் போடாமல், எவ்வளவு முடிந்தது என்று காட்டுங்கள்.

இங்கே நம்மூர் இருட்டுக்கடை அல்வாக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. போர்டு இல்லை, விளக்கு மங்கல், சாயங்காலம் சில மணி நேரம்தான் திறந்திருக்கிறது, அப்படியும் கூட்டம் அள்ளுகிறது, ஆகவே எதையும் எழுதாமல் விடுவதுதான் நல்ல டிசைன் என்று மாணவர்கள் சிலர் வாதம் செய்வார்கள். அந்த அல்வாவின் ருசி தலைமுறை தலைமுறையாக ஊரில் பரவி, வருகிறவருக்கு என்ன வாங்குவது என்று வீட்டிலேயே முடிவாகி, கடை முன்னால் நிற்கும் கூட்டமே போர்டாக மாறிய பிறகுதான் அங்கே போர்டு தேவையில்லாமல் போனது. உங்கள் ஆப்புக்கு அந்தப் பேர் இன்னும் வரவில்லை. பொத்தானில் பெயரை எழுதுங்கள்.

வெயிலிலும் குலுக்கலிலும்

அளவுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. விரலால் தொடும் பொத்தான் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று, திரை அளவுக்கான அலகுகளில், ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது, ஆண்ட்ராய்டு 48 டிபி என்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 என்பது இணைய அணுகல் தரம். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, மதியம் 12 மணி வெயிலில் வண்ணார்பேட்டை ரோட்டோரத்தில் நின்று உங்கள் திரையைப் பார்த்தாலே போதும், சாம்பல் நிற எழுத்து எதற்கும் உதவாது என்று தெரிந்துவிடும். அம்பை பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கை கம்பியில் இருக்க, மறு கைக் கட்டைவிரலால் உங்கள் ஆப்பில் ஒரு வேலையை முடித்துப் பாருங்கள். 'ரத்து செய்' பொத்தானும் 'உறுதி செய்' பொத்தானும் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பஸ் குலுங்கும்போது தெரியும்.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சோதனை உண்டு, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நம் எழுத்துகளுக்கு மேலே கொக்கியும் கீழே சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி உயரத்தில் தமிழைப் போட்டால் 'கீ'யின் தலையும் 'கூ'வின் காலும் வெட்டுப்படும். ஊர்ப் பெயர் வரும் இடத்தில் 'விக்கிரமசிங்கபுரம்' என்று போட்டுப் பாருங்கள், 'ஸ்ரீவைகுண்டம்' என்று போட்டுப் பாருங்கள். முதலாவது கட்டத்துக்குள் அடங்குகிறதா, இரண்டாவது உடையாமல் வருகிறதா? இரண்டும் சரியாக வந்தால் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பெரும்பாலானவை அந்தத் திரையில் சரியாகவே வரும்.

மற்றவர் கையில் கொடுத்துப் பார்ப்பது

திரை தயாரானதும் ஐந்து பேர் கையில் கொடுங்கள். ஐந்து பேரிடம் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளிவந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார், அது ஒரே வகையான ஆட்களுக்குப் பொருந்தும். காலேஜ் பிள்ளைகள் ஐந்து பேர் என்றால் ஆச்சிமாரைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நம்மூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு தம்பி" என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே குறை சொல்ல மனசு வராது. அதனால் அபிப்பிராயம் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். "இதில் போன மாசக் கரண்ட் பில் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் திணறும்போது கை பரபரக்கும், உதவி செய்யாதீர்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "இதை அமுக்கவா?" என்று உங்களைக் கேட்டால் பதில் சொல்வதற்குப் பதிலாக "அமுக்குனா என்ன ஆகும்னு நினைக்கீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்வதற்கும் நிஜமாக நடப்பதற்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு வேலை உங்களுக்கு பாக்கி. தப்பு நடந்தால் "எனக்கு இதெல்லாம் தெரியாதுய்யா" என்று அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். உடனே அவரிடம், நான் செய்ததுதான் சரியில்லை, நீங்கள் காட்டிக்கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த நோட்டையே போர்ட்ஃபோலியோவாக்கலாம், அதாவது செய்த வேலையைக் காட்டுகிற தொகுப்பாக்கலாம். பிரபலமான ஆப்பின் நிறத்தை மாற்றி வரைந்த படங்களை எல்லாரும் அனுப்புகிறார்கள். நீங்கள் ஒரு கேள்வியை எடுங்கள். யார் கேட்டார், எங்கே நின்று கேட்டார், அவர் வாயில் வந்த சொல், அந்த இடத்தில் அப்போது இருந்த போர்டோ படிவமோ, நீங்கள் மாற்றி வரைந்தது, அதை ஐந்து பேர் கையில் கொடுத்தபோது நடந்தது, அதற்குப் பிறகு மறுபடி மாற்றியது. இவ்வளவும் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் அடங்கும். ஆட்களின் முகம் வேண்டாம், பெயரும் வேண்டாம். பிரவுசிங் சென்டரில் படம் எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள், மேசையில் கிடக்கும் ஆதார் கார்டும் பாஸ்புக்கும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.